துரோகம் என்ற சொல்லும் 268 வீடுகளும்

காதல், கல்யாணம், தந்தையின் சாவு, எரிந்த காலனி, நீதிமன்றம், பிரிவு, தண்டவாளம். நத்தம் காலனி இளவரசனின் கதையை இந்த ஏழு படிகளில் சொல்லி முடித்துவிடலாம். 2012 அக்டோபர் முதல் 2013 ஜூலை வரை தொலைக்காட்சிகள் அப்படித்தான் சொல்லின. ஒவ்வொரு படிக்கும் ஒரு ‘பரபரப்பு’, ஒவ்வொரு விசாரணைக்கும் ஒரு ‘திடீர் திருப்பம்’. அடுத்து என்ன நடக்கும் என்று தமிழ்நாடு முழுவதும் தொடர் பார்ப்பதுபோலப் பார்த்தது. அந்தத் தொடருக்கு ஏற்கெனவே ஒரு பெயரும் வைக்கப்பட்டிருந்தது: ‘நாடகக் காதல்’.

இந்தச் சொல் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2012 கடைசியில் பாட்டாளி மக்கள் கட்சி நிறுவனர் மருத்துவர் ராமதாஸ், தலித் அல்லாத பல சாதி அமைப்புகளை ஒன்று சேர்த்துக் கூட்டங்கள் நடத்தினார். ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு தலித் இளைஞர்கள் பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்பது அப்போது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. காதல் பொய், கல்யாணம் பணம் பறிக்கும் ஏற்பாடு, பணம் கைக்கு வந்ததும் பெண்ணைக் கைவிட்டுவிடுவார்கள் என்றார்கள். அதாவது தாலி கட்டுவதற்கு முன்பே கணவன் துரோகி என்று தீர்ப்பாகிவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற கோரிக்கையும் அதே மேடைகளில்தான் எழுந்தது. ஜீன்ஸ் காரணமா, சட்டம் காரணமா என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்ல வேண்டும். பழைய மாதிரி கட்டி வைத்து அடித்துவிட்டுப் போக முடியவில்லை என்ற எரிச்சல் அது.

நத்தம் காலனி தருமபுரி–திருப்பத்தூர் சாலையில், நாய்க்கன்கொட்டாய் பக்கம் இருக்கிறது. வெளியூர் வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இது ஒன்றும் அறியாத, அடங்கிக் கிடந்த சேரி அல்ல. எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் நக்சல்பாரி இயக்கம் வேரூன்றிய மண் இது. போலீஸ் கையில் மாண்ட அப்பு, பாலன் இருவருக்கும் நாய்க்கன்கொட்டாயில் நினைவுச் சின்னம் உண்டு. டீக்கடைகளில் இரட்டைக் குவளையை எதிர்த்து சாதி பார்க்காமல் இளைஞர்கள் நின்ற காலம் ஒன்று இந்தப் பகுதிக்கு இருந்தது. சாதி மறுப்புத் திருமணங்களும் நடந்தன. அந்தக் குடும்பங்கள் இங்கேயே வாழ்ந்தன, பிள்ளை பெற்றன. அப்போது யாரும் அதை நாடகம் என்று சொல்லவில்லை. இயக்கம் ஒடுக்கப்பட்ட பிறகு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது சாதிச் சங்கம். ஒரே தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது.

இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்தது. மழையை நம்பிய மாவட்டம் என்பதால் நத்தம் காலனி ஆண்கள் கட்டட வேலை, பெயின்ட் வேலை என்று பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனார்கள். ஊர்க் கவுண்டர் வயலில் கூலிக்கு நிற்க வேண்டிய கட்டாயம் குறைந்தது. கூரை வீடு ஓட்டு வீடானது, ஓட்டு வீடு தளம் போட்ட வீடானது. பீரோ வந்தது, பைக் வந்தது, பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். பெண்ணுக்குச் சேர்த்து வைத்த நகை அந்தப் பீரோவில் இருந்தது. 2012 நவம்பர் 7 அன்று எது குறிவைக்கப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பீரோக்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இளவரசன் ஆதிதிராவிடர். அவர் மணந்த பெண் பக்கத்துச் செல்லன்கொட்டாயைச் சேர்ந்த வன்னியர். அந்தப் பெண்ணின் பெயரை இந்தப் பத்தியில் எழுதப் போவதில்லை. தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைக்கும் பெயர்தான். ஆனால் பதின்மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு நினைவு நாளிலும் அவர் படத்தைப் போட்டு, ‘இவரால்தான்’ என்று இரு தரப்பும் விரல் நீட்டியது போதும். உயிரோடு இருக்கும் ஒருவரை அவர் பாட்டுக்கு வாழ விட வேண்டும்.

2012 அக்டோபரில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். உயிருக்குப் பாதுகாப்பு கேட்டுக் காவல்துறை உயர் அதிகாரிகளை அணுகினார்கள். ஊரில் பஞ்சாயத்து கூடியது. பெண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. பெண் வர மறுத்தார். நவம்பர் 7 அன்று அவருடைய தந்தை தற்கொலை செய்துகொண்டார்.

அந்தத் தந்தையைப் பற்றி நம் பக்கத்திலும் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும். மகள் வீட்டைவிட்டுப் போன அந்தச் சில வாரங்களில் அவரைக் கேலி பேசியவர்களும், நெருக்கியவர்களும், தலைகுனிய வைத்தவர்களும் யார்? அந்த நாட்களில் தருமபுரிக்கு வந்த உண்மை அறியும் குழுக்கள் ஊர் ஊராக விசாரித்து எழுதிய பதில், அவருடைய சொந்த சாதிக்காரர்கள் என்பதுதான். நத்தம் காலனியில் இருந்து யாரும் அவர் வீட்டு வாசலில் போய் நின்று பழித்துப் பேசவில்லை. மகள் செய்தது துரோகம் என்றும், அந்தத் துரோகத்தைத் தடுக்கத் தெரியாத அப்பன் ஆண்பிள்ளையே இல்லை என்றும் அவருக்குச் சொல்லித் தந்தவர்களே, அவர் இறந்ததும் உடலைச் சாலைக்குக் கொண்டுவந்து மறியல் செய்தார்கள்.

அன்று மாலை நடந்தது திடீர்க் கோபம் என்று நம்ப வேண்டுமானால் பல விஷயங்களை மறந்துவிட வேண்டும். போலீஸும் தீயணைப்பு வண்டியும் வராதபடி சாலையில் மரங்கள் வெட்டிப் போடப்பட்டன. நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என மூன்று குடியிருப்புகளில் வீடு வீடாகப் புகுந்தார்கள். முதலில் பீரோவை உடைத்தார்கள். நகை, பணம் எடுத்த பிறகுதான் தீ வைத்தார்கள். பைக்குகள் எரிந்தன. ரேஷன் கார்டு, பட்டா, பள்ளிச் சான்றிதழ், கல்லூரிச் சான்றிதழ் எல்லாம் எரிந்தன. மொத்தம் 268 வீடுகள். ஆட்கள் வயல்வெளிக்குள் ஓடி ஒளிந்ததால் உயிர் மட்டும் தப்பியது. யாரும் சாகவில்லையே என்று அப்போது சிலர் ஆறுதல் சொன்னார்கள். இருபது ஆண்டு பெங்களூர்க் கூலியை ஒரு மாலையில் சாம்பலாக்கிவிட்டு, உயிரை விட்டுவைத்தோமே என்பது என்ன கணக்கோ!

எரித்தவர்களில் பலர் முகம் தெரிந்தவர்கள். ஒரே பேருந்தில் போனவர்கள், ஒரே ரேஷன் கடையில் நின்றவர்கள், ஒரே பள்ளியில் படித்தவர்கள். மணவாழ்க்கையில் துரோகம் என்று ஒன்று உண்டென்றால், பக்கத்து ஊரோடு வாழ்ந்த வாழ்க்கையிலும் அது உண்டு. அதற்கு எந்தத் தொலைக்காட்சியும் திருப்பம் என்று பெயர் வைக்கவில்லை.

தமிழ் முதுகலை படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சங்கடம் வரும். சங்க இலக்கியத்தில் பெண் தன் விருப்பப்படி காதலனோடு போவதற்கு உடன்போக்கு என்று பெயர். அது ஒரு துறை. அதற்கென்று எத்தனையோ பாடல்கள். தேடிப் போகும் செவிலித்தாய் அழுவாள், எதிரே வருபவர்களிடம் கேட்பாள். அவர்களோ அவளுக்குப் புத்தி சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். தோழி காதலை வீட்டாருக்கு எடுத்துச் சொல்வதற்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயர். காட்டிக்கொடுத்தல் என்று அல்ல, அறத்தோடு நிற்றல்! தொல்காப்பியத்தின் கற்பியல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பெண்ணைக் கொடுக்க உரியவர்கள் இல்லாமலேயே, உடன்போன காலத்தில் திருமணச் சடங்கு உண்டு என்று இலக்கணமே எழுதிவைத்திருக்கிறது. பெற்றோர் சம்மதக் கையெழுத்து இல்லாமல் திருமணத்தைப் பதிவு செய்யக் கூடாது என்று இன்று கேட்கும் சங்கங்கள், தமிழர் பண்பாடு என்று பேசும்போது எந்தத் தமிழரைச் சொல்கின்றன என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் பழம்பெருமை பேசி நிறுத்திக்கொள்ளவும் முடியாது. ஏடுகளில் உடன்போக்கு இருந்த அதே மண்ணில், கூத்து மேடையில் வேறு கதை நடந்தது. ஆரியமாலையை விரும்பிய காத்தவராயன் கழுமரம் ஏறினான். பொம்மியைக் கொண்டுவந்த மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான். இரண்டு பேரையும் கொன்ற பிறகு தெய்வமாக்கிக் கும்பிடுகிறோம். தருமபுரிப் பக்கத்தில் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள். எது நாடகம், எது காதல் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. 2020-இல் இந்த ‘நாடகக் காதல்’ கதையையே ‘திரௌபதி’ என்று படமாக எடுத்தார்கள். பாரதக் கூத்தின் நாயகி பெயரை எடுத்து, பதிவு அலுவலகத்தில் போலித் திருமணம் நடக்கிறது என்ற கதைக்கு வைத்தார்கள். சபையில் நின்று நியாயம் கேட்டவள் பெயர் அது. பெண்ணுக்கு நியாயம் கேட்கத் தெரியாது, யாரோ ஏமாற்றிவிடுவார்கள் என்று சொல்வதற்கு அந்தப் பெயர்தானா கிடைத்தது?

இனி, துரோகம் என்ற சொல் இரண்டாவது முறை பயன்பட்ட இடத்துக்கு வருவோம். இந்த முறை அதைச் சொன்னவர்கள் நம்மவர்கள்.

பெண்ணின் தாய் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டிருந்தார். 2013 மார்ச்சில் நீதிமன்றத்தில் நின்ற அந்தப் பெண், கணவருடன்தான் இருப்பேன் என்று தெளிவாகச் சொன்னார். அப்பா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. 268 வீடுகள் எரிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவ்வளவுக்குப் பிறகும் அவர் மாறவில்லை. ஜூன் முதல் வாரத்தில் தாயைப் பார்க்கப் போனார். திரும்பி வரவில்லை. ஜூலை 3 அன்று உயர் நீதிமன்றத்துக்கு வந்தவர், இனி இளவரசனோடு வாழப் போவதில்லை என்று செய்தியாளர்கள் முன் சொன்னார். அவர் ஒருநாள் திரும்பி வருவார் என்றே இளவரசன் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள், ஜூலை 4. தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்புறம் ரயில் பாதை ஓரத்தில் இளவரசன் பிணமாகக் கிடந்தார்.

‘கைவிட்டுவிட்டாள்’, ‘ஏமாற்றிவிட்டாள்’, ‘சாதிப் புத்தியைக் காட்டிவிட்டாள்’. அந்த ஜூலை மாதத்தில் நம் தெருக்களில் இந்தப் பேச்சு இருந்தது. எல்லோரும் பேசினார்கள் என்று சொல்லவில்லை, ஆனால் இருந்தது. துக்கத்தில் வந்த பேச்சு என்று விட்டுவிடலாம்தான். விட முடியாததற்குக் காரணம், எதிர்த்தரப்பு நவம்பரில் அதே பெண்ணைப் பார்த்துச் சொன்ன அதே சொல் இது என்பதுதான். அக்டோபரில் சாதிக்குத் துரோகி, ஜூலையில் புருஷனுக்குத் துரோகி. ஒன்பது மாதத்துக்குள் இரண்டு ஊரும் ஒரு பெண்ணின் மேல் ஒரே முத்திரையைக் குத்தின. அவருக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது. அப்பாவின் சாவுக்கு நீதான் காரணம் என்று ஒரு பக்கம். உன்னால் எங்கள் ஊர் எரிந்தது என்று சொல்லாமல் சொல்லும் கண்கள் இன்னொரு பக்கம். வாசலில் கேமரா. ஒவ்வொரு வாய்தாவிலும் இரு தரப்புக் கூட்டம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு பெண் சொல்லும் சம்மதமும் மறுப்பும் யாருடையது? மார்ச்சில் அவர் சொன்னதை அவருடைய விருப்பம் என்று ஏற்றவர்கள், ஜூலையில் சொன்னதையும் அவர் வாயால் வந்தது என்றுதான் ஏற்க வேண்டும். ஆனால் அந்த வாயைச் சுற்றி எத்தனை கைகள் இருந்தன என்பதையும் எழுத வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்வது கஷ்டம். அதனால்தான் துரோகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

இந்தக் கட்டுரையின் சிக்கலான பகுதி இளவரசனின் சாவு. முதல் பிரேதப் பரிசோதனையை உறவினர்களும் இயக்கங்களும் ஏற்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வந்து ஜூலை 13 அன்று இரண்டாவது முறை உடலைப் பரிசோதித்தார்கள். மறுநாள் நத்தத்தில் அடக்கம் நடந்தது. மாவட்டத்தில் 144 தடை உத்தரவு போடப்பட்டிருந்தது. சாவை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி சிங்காரவேலு தலைமையில் அரசு ஆணையம் அமைத்தது. அது தற்கொலைதான் என்று ஆணையம் முடிவு சொன்னது. குடும்பத்தாரின் சந்தேகம் தீரவில்லை.

ஏன் தீரவில்லை என்று கேட்பவர்கள் கொஞ்சம் தெற்கே, பள்ளிபாளையம் பக்கம் போக வேண்டும். 2015 ஜூனில் ஓமலூர் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் உடலும் தண்டவாளத்தில்தான் கிடந்தது. அங்கும் ஒரு கடிதம் இருந்தது, தற்கொலை என்றுதான் முதலில் பேச்சு. திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலின் கண்காணிப்புக் கேமராவில் அவரை அழைத்துச் செல்லும் காட்சி பதிவாகாமல் போயிருந்தால் அந்த வழக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பகீரென்கிறது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோயிலுக்கும் தண்டவாளத்துக்கும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, 2023 ஜூனில் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தார்கள். இளவரசன் வழக்கும் கோகுல்ராஜ் வழக்கும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்றின் சாட்சியத்தை இன்னொன்றுக்கு ஏற்ற முடியாது. ஆனால் தண்டவாளம் என்றதும் நம் தாய்மார்களுக்கு அடிவயிறு கலங்குவது அறியாமையால் அல்ல.

கோகுல்ராஜ் வழக்கில் தண்டனை கிடைக்க ஏழு ஆண்டு ஆனது. விருத்தாசலம் பக்கம் முருகேசனுக்கும் கண்ணகிக்கும் 18 ஆண்டு. அதுவும் ஒரு பதிவுத் திருமணம்தான். 2003 மே மாதம் ரகசியமாகப் பதிவு செய்தார்கள். ஜூலை 8 அன்று ஊரார் பார்க்க இருவர் வாயிலும் விஷம் ஊற்றப்பட்டது. முருகேசன் தலித், கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். கண்ணகி வன்னியர். கொன்றவர்களில் பெண்ணின் அண்ணனும் இருந்தார். 2021 செப்டம்பரில்தான் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் போலீஸ் அதிகாரிகளும் உண்டு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்தது. பெண்ணும் செத்த வழக்குகளில் யாரும் அவளைத் துரோகி என்று சொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள். உயிரோடு இருப்பவளுக்குத்தான் அந்தப் பட்டம்.

சட்டத்தில் இருப்பவை

இந்தப் பத்தியைப் படிக்கும் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் சில கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

இளவரசனுக்குத் திருமணத்தின்போது 21 வயது நிரம்பவில்லை, அதனால் அது கல்யாணமே இல்லை என்று அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. இது தவறு. ஆணுக்கு 21 நிரம்பாத திருமணம் 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துக்குள் வரும், குற்றமாகும் என்பது உண்மை. ஆனால் அத்தகைய திருமணம் தானாகவே செல்லாததாகிவிடாது. வயது நிரம்பாதவராக இருந்த அந்த நபர் நீதிமன்றத்தில் கேட்டால்தான் ரத்தாகும். மாமனார், மாமியார், சாதிச் சங்கம் யாருக்கும் அந்த உரிமை இல்லை. இருந்தாலும் இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியது, 21 நிரம்பும்வரை பொறுங்கள். வயது குறைவாக இருப்பது எதிரிக்கு நீங்களே கொடுக்கும் கத்தி.

ஆட்கொணர்வு மனுவில் நீதிமன்றம் பார்ப்பது, அந்தப் பெண் வயது வந்தவரா, தன் விருப்பப்படி இருக்கிறாரா என்பதைத்தான். அந்த மனுவை வைத்துத் திருமணத்தையே ரத்து செய்ய முடியாது என்பது 2018-இல் கேரளத்து ஹாதியா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்ன விஷயம்.

அதே 2018 மார்ச் 27 அன்று வந்தது சக்தி வாகினி வழக்கின் தீர்ப்பு. வயது வந்த இருவரின் திருமணத்தில் எந்தப் பஞ்சாயத்தும் குறுக்கிட முடியாது என்றது. மாவட்டம்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் கொண்ட தனிப்பிரிவு வேண்டும், 24 மணி நேர உதவி எண் வேண்டும், தம்பதிக்குப் பாதுகாப்பு இல்லம் வேண்டும் என்றது. தனிப்பிரிவு பற்றி நம் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இலேயே திலீப்குமார் வழக்கில் உத்தரவிட்டிருந்தது. ஆகவே காவல் நிலையத்தில் ‘பெரியவங்களோட பேசி முடிச்சுக்குங்க’ என்று இரு குடும்பத்தையும் எதிரெதிரே உட்கார வைத்தால், அதைச் செய்பவர் தீர்ப்பை மீறுகிறார். கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுங்கள், ரசீது வாங்குங்கள், மனுவில் இந்தத் தீர்ப்பின் பெயரை எழுதுங்கள்.

அரசின் கலப்புத் திருமண உதவி ஒன்றும் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் 25,000 ரூபாய், பட்டதாரி என்றால் 50,000 ரூபாய், கூடவே 8 கிராம் தங்க நாணயம். நல்லதுதான், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு கையால் தங்கக் காசு கொடுக்கும் அரசு, மறுகையால் அந்தத் தம்பதி உயிரோடு இருக்கிறார்களா என்று ஆறு மாதம் கழித்து விசாரிப்பதாகத் தெரியவில்லை.

இந்திய அளவில் 2011-12 மனித வள மேம்பாட்டு ஆய்வின்படி சாதி கடந்த திருமணங்கள் நூற்றுக்கு ஐந்து மட்டுமே. தலித் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிட்டார்கள் என்ற கூச்சல் இந்த ஐந்தைப் பார்த்துத்தான். அண்ணல் அம்பேத்கர் 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த தன் முதல் ஆய்வுக் கட்டுரையிலேயே, அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று கண்டு சொன்னார். தன் சாதிக்குள்ளேயே மணம் என்ற வேலி விழுந்தால் சாதி விழும். வேலியைக் காப்பவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். 2012-இல் எரிந்த தீ 2014 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்காகவும் அறுவடையானது. தருமபுரித் தொகுதியில் பா.ம.க. வென்றது. தீக்கும் வெற்றிக்கும் சம்பந்தமே இல்லை என்பார்கள். அந்தத் தேர்தல் பேச்சுகளைக் கேட்டவர்கள் தீர்மானிக்கட்டும்.

2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் மென்பொருள் பொறியாளர் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, ஆணவக் கொலைகளுக்குத் தனிச் சட்டம் கேட்டு மீண்டும் குரல் எழுந்தது. அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சட்டம் வந்தால் கொலைக்கான தண்டனையோடு அது நின்றுவிடக் கூடாது. நத்தத்தில் நடந்ததை அளவுகோலாக வைத்துப் பாருங்கள். அங்கே ஒரு கல்யாணத்துக்காக மூன்று காலனிகள் எரிந்தன. அப்படியானால் தம்பதிக்கு மட்டும் இரண்டு போலீஸ்காரர்களைப் போட்டுவிட்டு, மாப்பிள்ளையின் தெருவை விட்டுவிடுவது பாதுகாப்பு ஆகாது. பெண்ணைத் திருப்பி அனுப்பு என்று கெடு வைக்கும் பஞ்சாயத்தே தனிக் குற்றமாக வேண்டும். கெடு முடியும்வரை, அப்பன் சாகும்வரை, மரம் வெட்டும்வரை காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று, கால அளவு. காவல் நிலையப் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் முதல் சில நாட்கள். கல்யாணப் பரபரப்பு அடங்கியதும் கோப்பு மூடப்படும். நத்தத்தில் எல்லாம் நடந்து முடிய ஏறத்தாழ ஒன்பது மாதம் ஆனது. அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அந்தப் பெண் கிளம்பியது எட்டாவது மாதத்தில். சக்தி வாகினி தீர்ப்பு பாதுகாப்பு இல்லத்தில் முதலில் ஒரு மாதமும், ஆபத்து இருந்தால் மாதம் மாதமாக நீட்டித்து ஓராண்டு வரையிலும் தங்கலாம் என்கிறது. அந்த ஓராண்டு, கேட்டுப் பெறும் சலுகையாக இல்லாமல், கேட்காமலே கிடைப்பதாகச் சட்டத்தில் இருக்க வேண்டும். பிறந்த வீட்டுக்குப் போய்வருவதற்கும் ஏற்பாடு வேண்டும். பொதுவான ஓர் இடத்தில், சமூக நல அலுவலர் முன்னிலையில், அம்மாவும் மகளும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, மகள் விரும்பிய பக்கம் எழுந்து போகும்படியான ஏற்பாடு. தருமபுரியில் இருந்து ஆணையத்துக்கு மனு எழுதும் அமைப்புகள் இந்த ஒரு மணி நேரத்தையும் மனுவில் சேர்க்க வேண்டும்.